அஞ்சடி ஒன்பது அங்குலத்து ஆளுக்கு ஒரு சைக்கிள்

வீட்டுக்காரருக்கு என்று ஏன் சொன்னேன். சைக்கிள் கடைப்படி ஏறினதும் கடைக்கார அண்ணன் "வாங்க சிஸ்டர், யாருக்குப் பாக்கறீங்க" என்று சாதாரணமாகத்தான் கேட்டார், காய்கறிக் கடையில் எத்தனை கிலோ என்று கேட்கிற மாதிரி. நான்தான் சக்கரமில்லாத சைக்கிள் ஃப்ரேமைத் தோளில் மாட்டியபடி நின்று, மேலே கொக்கியில் தொங்குகிற சைக்கிள்களைப் பார்த்து, சுவரில் ஒட்டியிருக்கிற படங்களில் ஹெல்மெட் போட்டுக் குனிந்திருக்கிற ஆம்பளைகளைப் பார்த்து, என் சேலையைப் பார்த்து, அதில் காலையில் தெறித்த சாம்பாரைப் பார்த்து, வீட்டுக்காரருக்குங்ணா என்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனே அந்தப் பேச்சு ஒரு ஆளாக எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டது. முக்கால் மணி நேரமாக அந்த ஆளுக்குத்தான் இந்த விக்டர் அண்ணன் சாமான் எடுத்து எடுத்து மேசையில் பரப்புகிறார். ஹேண்டில்பார் ஒன்று, பெடல் ரெண்டு, இன்னும் பேர் தெரியாத ஒரு பெட்டி. இப்பச் சொல்லிவிடலாம். அவர் அந்தப் பெட்டியைப் பிரித்து முடிக்கட்டும், சொல்லிவிடலாம். பிரித்துவிட்டார். அடுத்த பெட்டி ஆகட்டும். முதலிலேயே அவர் சொன்னார், "ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க சிஸ்டர், சாமானுக்கு கிரீஸ் பட்டுட்டா திருப்பி எடுக்க மாட்டேன், சக்கரத்துக்குக் கம்பி வெட்டிட்டா வெட்டுனதுதான், எங்கப்பாவே வந்து அழுதாலும் ஒட்ட வெக்க முடியாது." மேசைப் பக்கம் உட்கார்ந்து பூண்டு உரிக்கிற அவர் சம்சாரம், லில்லியோ என்னவோ பேர் சொல்லிக் கூப்பிட்டார், தலை தூக்காமலே, "உங்கப்பா எதுக்கு சைக்கிள் கடைக்கு வர்றாரு, அவரு மகன் முகத்தப் பாக்கவே வர்றதில்ல" என்றார். நான் சிரிக்க வேண்டிய இடம். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கம்பி வெட்டுவது கடைசி வேலை. அதுவரை எனக்கு நேரம் இருக்கிறது.

"ஆளு என்ன உசரம்" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கட்டின புருசன் உயரம் தெரியாதா. ஆறு வருசம். எந்தப் பொண்டாட்டி புருசனை அளந்து பார்த்தாள், சாப்பாடு எவ்வளவு என்று தெரியும், சட்டை நாற்பது என்று தெரியும், காப்பிக்குச் சர்க்கரை ரெண்டு என்று தெரியும், உயரம் யார் கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தேன், அவர் வாசல்படியில் நிற்கிறார், போர்வெல் ரிக் வண்டி ஏறப் போகிற அன்றைக்கு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நான் நேராகப் பார்த்தால் அவர் சட்டைப்பை தெரிந்தது, பையில் பீடிக்கட்டும் ஒரு பேனாவும். என் கண்ணுக்கு நேரே சட்டைப்பை என்றால் மேலே இன்னும் ஒரு முழம் இருக்குமா. அஞ்சு ஒன்பதுங்ணா என்றேன். எங்கிருந்து வந்தது அந்த ஒன்பது. "நல்ல உசரம்" என்றார் அவர், எனக்கு உள்ளே ஏதோ பெருமையாகக்கூட இருந்தது, என்ன வெட்கக்கேடு. "வெயிட்டு?" எழுபத்தஞ்சு. "வயிறு கியிறு உண்டா?" இல்லீங்க. "குடுத்து வெச்சவரு" என்று தன் வயிற்றைத் தட்டிக்கொண்டார். "முதுகுவலி உண்டா?" ஆமாங்ணா, போர் போடற வேலைங்க, கம்பி தூக்கி இறக்கி. அது நிஜம். முதல் வருசம் சத்தீஸ்கரிலிருந்து திரும்பி வந்தபோது முதுகு பலகை மாதிரி இருந்தது, நான் வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன், அப்போது கையில் பட்ட ஒவ்வொரு எலும்பும் இப்போதும் என் விரலில் இருக்கிறது, உயரம்தான் இல்லை. அங்கே மழை பிடித்தால் ரிக் எல்லாம் ஊருக்குத் திரும்பும், திருச்செங்கோட்டில் லாரிகள் வரிசையாக வந்து நிற்கும், ஆனி ஆடி என்றால் புருசன் வருகிற மாசம் என்று எங்கள் பக்கம் பொம்பளைகளுக்குக் காலண்டரே வேண்டாம். இதோ ஆடி. போன ஆடியும் வந்தது, போனது. கூடப் போன முருகேசு வந்தார், நான் ஊருக்குப் போயிருந்தபோது மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கிக்கொண்டு வந்தவர், என்னைப் பார்த்து எதிர்ப்பக்கம் தாண்டிவிட்டார். ஒரு ஆள் தெருவைத் தாண்டுவதிலேயே ஒருத்திக்கு எல்லாம் தெரிந்துவிடும். தெரிந்தும் நான் போய்க் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று.

"ஃப்ரேமு சின்னதாச்சே சிஸ்டர்" என்கிறார் விக்டர் அண்ணன், மூன்றாவது தடவையாக. "அஞ்சு ஒன்பதுக்கு இது பத்தாது. யாருது இது?" நான் சமைக்கற ஹாஸ்டல்ல தங்கியிருந்த பிள்ளையோடதுங்ணா என்றேன். அஸ்ஸாம்காரப் பிள்ளை, ரீமா, எங்கள் லேடீஸ் ஹாஸ்டலில் ரெண்டு வருசம் இருந்தாள், ரசத்தை டம்ளரில் வாங்கி டீ மாதிரி குடிப்பாள். ஒருநாள் காலையில் சைக்கிளின் ரெண்டு சக்கரத்தையும், சீட்டையும், ஹேண்டிலையும் எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான், பூட்டுப் போட்ட ஃப்ரேம் மட்டும் கம்பியோடு மிச்சம், தின்னு போட்ட மீன்முள் மாதிரி. காலி பண்ணிப் போகும்போது சமையற்கட்டுக்கு வந்து, "அக்கா, நீ ஓட்டு" என்று தூக்கிக் கொடுத்தாள். வித்துக்கோ என்று சொல்லவில்லை. உன் வீட்டுக்காரருக்கு என்று சொல்லவில்லை. நீ ஓட்டு. ஏனென்றால் அவள் பார்த்திருக்கிறாள், சக்கரம் இருந்த காலத்தில் ஒரு மத்தியானம், பாத்திரம் கழுவி முடித்து, பிள்ளைகள் எல்லாம் காலேஜில், வாட்ச்மேன் தூக்கத்தில், ஹாஸ்டல் காம்பவுண்டுக்குள் மூன்று சுற்று நான் ஓட்டினதை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு. அது மிதித்த மாதிரியே இல்லை, நான் நினைத்தேன், அது போனது. ஊரில் பொங்கலுக்குப் பொம்பளைகளுக்கு ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்பார்கள், ஆம்பளைகளுக்குத்தான் வேகமாகப் போகிற ரேஸ், எங்களுக்கு மெதுவாகப் போகிறவள் ஜெயிப்பாள், காலை ஊன்றக்கூடாது, யார் கடைசியோ அவளுக்கு எவர்சில்வர் குடம். இரவல் சைக்கிளில் மூன்று வருசம் போனேன், மூன்று வருசமும் முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டித் தோற்றேன். மைக்கில் கத்தினார்கள், "ஏம்புள்ள கோகிலா, எங்க போற, மாப்பிள்ளையப் பாக்கவா?" ஊரே சிரித்தது. எனக்கு மெதுவாக ஓட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான். சொந்தமாகச் சைக்கிள் இருந்ததில்லை. பதினொன்று படித்தால் அரசாங்கம் சைக்கிள் கொடுக்கும், நான் ஏழோடு மில்லுக்குப் போய்விட்டேன், அந்தச் சைக்கிள் பள்ளிக்கூடத்து வராந்தாவில் வேற யாருக்கோ போயிருக்கும்.

"பரவால்ல, சமாளிக்கலாம்" என்கிறார். சின்ன ஃப்ரேமில் பெரிய ஆளை உட்கார வைக்கிற வழி அவருக்குத் தெரிந்திருக்கிறது, சந்தோசமாக வேறு செய்கிறார், தையல்காரர் பத்தாத துணியில் ஜாக்கெட் வெட்டுகிற மாதிரி. ஹேண்டிலை முன்னால் தள்ளிப் பிடிக்கிற அந்தக் கழுத்துத் துண்டு, ஸ்டெம் என்கிறார், இருப்பதிலேயே நீளமாக ஒன்று எடுத்தார். சீட்டுக்கு நீளக் குழாய். ஹேண்டில்பார் அகலம் நாற்பத்திநாலு, "தோள் அகலமான ஆளுதானே?" ஆமாங்ணா. என் தோளுக்கு அதைப் பிடித்தால் கோழிக்குஞ்சு றெக்கை விரித்த மாதிரி இருக்கும். பெடல் கட்டை, கிராங்க்காம், நூற்றி எழுபத்தி ரெண்டரை மில்லி, கால் நீளமானவருக்கு. ஒவ்வொன்றுக்கும் ஆமாங்ணா சொல்கிறேன். ஒவ்வொரு ஆமாவுக்கும் அந்த ஆள் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறார், தோள் வந்தது, கால் வந்தது, நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார், வயிறு இல்லை, பீடி இல்லை, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து சைக்கிள் எடுத்துக்கொண்டு சிறுவாணி ரோட்டில் போய்விட்டு, எட்டு மணிக்கு வேர்வையோடு வந்து, பாப்பா மகிழினி எங்கே என்று கேட்கிற ஆள். எனக்கு அப்படி ஒரு ஆளைத் தெரியாது. இருந்தாலும் இந்த மேசையில் அவர் வளர வளர, இப்போது எனக்குத்தான் என்று சொன்னால் அவரை நானே அடித்துத் துரத்தின மாதிரி ஆகிவிடுமே என்று இருக்கிறது. பைத்தியம். நாலு வயசுப் பிள்ளையைப் பால்வாடியில் விட்டுவிட்டு வந்து சைக்கிள் கடையில் புருசன் செய்துகொண்டிருக்கிறேன். ஏலச்சீட்டு எடுத்த பணம் முந்தானையில், அது ஒருதரம் செலவாகிவிட்டால் இனி ரெண்டு வருசத்துக்கு இந்தப் பேச்சே இல்லை, பெரிய ஆளுக்குப் பண்ணின சைக்கிள் படிக்கட்டுக்குக் கீழே நிற்கும், நான் அதைத் துடைத்து வைப்பேன், எட்டாது. அதுதான் நடக்கப் போகிறது. அது நடக்கக்கூடாது என்றால் வாயைத் திறக்க வேண்டும்.

"முன் பிரேக்கு எந்தக் கைல வெக்கட்டும்? ஆளு எந்தக் கைப் பழக்கம்?" இடது என்று சட்டென்று வந்துவிட்டது. உயரத்துக்கு அத்தனை நேரம் யோசித்தவள், இதற்கு யோசிக்கவே இல்லை. இடது கைதான். என் வலது கன்னம்தான் சொன்னது. மூன்று தடவை, மூன்று தடவைதான், நாலாவது தடவை கையைத் தூக்கிவிட்டுக் கீழே போட்டுவிட்டார், பாப்பா பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல ஆளும்கூடத்தான். சம்பளத்தைப் பிரிக்காமல் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பார். காய்ச்சலில் நான் படுத்துக் கிடந்தபோது கஞ்சி வைத்தார், உப்பில்லாமல். எது அவர் என்று ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. விக்டர் அண்ணன் எழுதிக்கொள்கிறார், பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், "இடது கை." லில்லியக்கா பூண்டு உரிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தார். ஏன் பார்த்தார். கன்னத்தில் கை வைத்திருக்கிறேன் போல. எடுத்துவிட்டேன். "தண்ணி வேணுமா கண்ணு" என்றார். வேண்டாங்க்கா. இத்தனை நேரத்தில் என்னைப் பற்றி யாரோ கேட்ட ஒரே கேள்வி, அதற்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தொண்டை காய்ந்து கிடக்கிறது.

இப்போது சக்கரம். இதற்குத்தான் வந்தேன், இதற்குத்தான் ரெண்டு மாசமாக மத்தியானங்களில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்தேன், எவரோ ஒரு தம்பி திருச்சியிலிருந்து தமிழில் பேசுகிறார், சைக்கிளில் எதைக் குறைத்து வாங்கினாலும் சக்கரத்தைப் பார்த்து வாங்குங்க, உடம்பு லேசான ஆளுக்கு உசரமான ரிம், பட்டையான வளையம், போட்டால் பக்கக் காற்றில் தள்ளும் என்று. விக்டர் அண்ணன் உசர ரிம் ரெண்டைத்தான் இறக்குகிறார். கறுப்பு, பளபளவென்று, அகலமாக. "வெயிட்டான ஆளு, முப்பத்திரெண்டு கம்பி போட்டர்லாம், கோட்டமே எடுக்க வேண்டியதில்ல. இந்த ரிம்மு ஒருதரம் வேகம் புடிச்சா நிக்காது." காத்துக்கு? என்று கேட்டேன். கேட்டுவிட்டேன், என் குரல் எனக்கே யாரோ பேசின மாதிரி இருந்தது. "என்ன சிஸ்டர்?" ஆடிக் காத்துங்ணா, பாலக்காட்டுப் பக்கமிருந்து அடிக்குமே, தள்ளாதுங்களா. அவர் சிரித்தார். "எழுபத்தஞ்சு கிலோ ஆளத் தள்ளுதா? உங்க மாதிரி ஆளுன்னா தூக்கி உக்கடத்துல போட்டுரும். அவருக்கு என்ன." அவருக்கு ஒன்றுமில்லை. அவர் அசைய மாட்டார். காலையில் அஞ்சரைக்கு நான் ஹாஸ்டலுக்கு நடக்கும்போது ரேஸ் சைக்கிள்காரர்கள் போவார்கள், பத்துப் பதினைந்து பேர், ஒருத்தர் பின்னால் ஒருத்தர், பேச்சில்லை, சக்கரச் சத்தம் மட்டும், புறாக்கூட்டம் திரும்புகிற மாதிரி ஒரே நேரத்தில் வளைவில் சாய்ந்து திரும்புவார்கள், அப்புறம் ரோடு காலியாகிவிடும், காலியான ரோட்டில் நான் என் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போவேன். அவர்களோடு சேர வேண்டும் என்றில்லை. என்னை யார் சேர்ப்பார்கள். ஞாயிறு ஒருநாள் ஹாஸ்டலில் காலைச் சமையல் இல்லை, பக்கத்து ரூம் அக்காவிடம் பாப்பாவை ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, அந்தக் காலி ரோட்டில் யாரும் கேட்காமல், எங்கே போறே என்று யாரும் மைக் பிடிக்காமல், ஒரு மணி நேரம். இதைக் கேட்பதற்கு ஒரு வார்த்தை இருக்கிறதா, இருந்தால் என்ன வார்த்தை.

ஒரு பின்சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டி எனக்குக் காட்டுகிறார், நான் காற்றைப் பற்றிக் கேட்டதிலிருந்து கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது. "இங்க பாருங்க, கியர் இருக்கற வலது பக்கம் கம்பி கட்டை, ரொம்ப இறுக்கம். இடது பக்கம் ரெண்டு மில்லி நீளம், அத்தன இறுக்கம் இல்ல. ஆனா ரிம்மு பாத்தீங்களா, நட்ட நடுவுல." விரலால் தட்டுகிறார், ஒரு பக்கம் கிண்ணென்று, மறுபக்கம் கொஞ்சம் தணிந்து. இழுக்கிற பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது, விடுகிற பக்கம் விட்டுக்கொடுக்கிறது, வெளியிலிருந்து பார்க்கிறவருக்குச் சக்கரம் நேராக ஓடுகிறது. ரெண்டு வருசமாக நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன். ஹாஸ்டலில் கேட்டால் அவங்க வடக்க இருக்காங்க, பால்வாடி டீச்சர் கேட்டால் ஆடிக்கு வருவாங்க, பாப்பா கேட்டால் அப்பாக்கு அங்க இன்னும் மழை பிடிக்கலையாம் கண்ணு. இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. நெற்றியில் குங்குமம் நேராக வைத்துக்கொண்டால் யாரும் கேட்பதில்லை. எனக்கு என்று சொன்னால் அடுத்து அவர் என்ன கேட்பார், அப்ப வீட்டுக்காரரு என்பார், எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள், அதற்குத்தான் பயம், சைக்கிளுக்கு இல்லை. சைக்கிள் எனக்கென்றால் அவர் இல்லை. அவர் உண்டென்றால் சைக்கிள் எனக்கில்லை. ரெண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியவில்லை.

"சரி, கம்பி வெட்டிரலாமா?" மூலையில் இருக்கிற மெஷின் பக்கம் போய்விட்டார், கம்பி வெட்டி மரை போடுகிற மெஷின், கைப்பிடி தேய்ந்து வெள்ளையாக இருக்கிறது. ஒரு கட்டுக் கம்பியை உதறிப் பிரிக்கிறார். நான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். எழுந்தது தெரியும், அப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கொழப்பமா இருந்தா ஒண்ணு பண்ணுங்க, அவருக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க, நானே ரெண்டு வார்த்த பேசிக்கறேன், சைக்கிளு ஓட்டற ஆளு, அவருக்கும் ஒரு ஆச இருக்குமில்ல" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். போனை எடுத்தேன். நம்பர் இருக்கிறது, பாப்பா அப்பா என்று போட்டு வைத்திருக்கிறேன், எட்டு மாசமாக அது சுவிட்ச் ஆஃப், இந்தியில் ஒரு பொம்பளை சொல்வாள், அந்தக் குரல் எனக்கு மனப்பாடம். பெருவிரல் அந்தப் பேருக்கு மேலே நிற்கிறது. இன்றைக்கு ரிங் போனால். இத்தனை மாசம் ரிங் போகாதா போகாதா என்று அழுத்தினேன், இப்போது போய்விடக்கூடாது என்று இருக்கிறது, என்ன சொல்வேன், இங்கே ஒருத்தர் உங்களுக்குச் சக்கரம் வெட்டப் போகிறார், உங்கள் உயரம் எவ்வளவு என்றா.

போனை இடுப்பில் செருகினேன். "அவங்க வர மாட்டாங்கண்ணா" என்றேன்.

விக்டர் அண்ணன் கையில் கம்பிக்கட்டோடு நின்றார். "கடைக்கா?" என்றார். "இல்லீங்ணா. வீட்டுக்கு." இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் இல்லை. எனக்கே சொன்னதில்லை. ஒரு சைக்கிள் கடையில், பூண்டு வாசத்தில், முன்பின் தெரியாத ரெண்டு பேரிடம் சொன்னேன், சொன்னபிறகு கூரை அப்படியே இருந்தது. வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. "சைக்கிளு எனக்குத்தாங்ணா" என்றேன், அது அதற்கப்புறம் சுலபமாக வந்தது.

விக்டர் அண்ணன் ஏதோ கேட்க வாய் திறந்தார், லில்லியக்கா "என்னங்க" என்று ஒரு வார்த்தை சொன்னார், அவர் மூடிக்கொண்டார். கம்பியைக் கீழே வைத்தார். மேசைக்கு வந்து அந்த நீள ஸ்டெம்மை எடுத்து அதன் பெட்டிக்குள் போட்டார், பெரிய பெடல் கட்டையை அதன் பெட்டிக்குள், அகல ஹேண்டிலை மேலே கொக்கியில். ஒவ்வொன்றாக. தோள் போனது, கால் போனது. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு வேர்வையோடு வருகிறவர் போனார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன், கண்ணில் ஒன்றும் வரவில்லை, நெஞ்சுக்குள் மட்டும் வீடு காலி பண்ணுகிற சத்தம். கடைசிப் பெட்டியை மூடிவிட்டு அவர் தொண்டையைச் செருமினார். "வெயிட்டு எவ்ளோ சிஸ்டர்?" நாற்பத்திமூன்று என்றேன். "சாப்பிடறதே இல்லியா, ஊருக்கெல்லாம் சமைக்கறீங்க" என்று லில்லியக்காதான் சொன்னார், எழுந்து வந்து ஒரு டம்ளர் தண்ணீரைக் கேட்காமலே என் கையில் வைத்தார். நாற்பத்திமூணுக்கு இருபத்திநாலு கம்பி தாராளம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விக்டர் அண்ணன் ரெண்டு ரிம்மை எடுத்து வந்தார், ஒன்று உசரம், ஒன்று தாழ்ந்தது, என் முன்னால் பிடித்தார். உசரமானது அழகாகத்தான் இருக்கிறது. பெரிய வளையல் மாதிரி. தாழ்ந்ததில் பார்க்க ஒன்றுமில்லை, சாம்பல் நிறம், விளம்பரத்தில் போட மாட்டார்கள். "இதுல எது?" என்று கேட்டுவிட்டு அவர் காத்துக்கொண்டிருந்தார், அவசரப்படுத்தவில்லை. தண்ணீரை முழுசாகக் குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன்.

"தாழ்ந்தது" என்றேன். "வெட்டுங்ணா."